சரசுவதி போகும் சாலை

களியக்காவிளைச் சந்தையைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "முன்னால சரஸ்வதி அம்மன் போறா. அவ தாண்டின பொறவுதான் நாம" என்றார். யாரும் முணுமுணுக்கவில்லை. நாலைந்து பேர் செருப்பைச் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

புரட்டாசி வெயில் தாரில் பளபளத்தது. கடை வாசல்களில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே தட்டில் பூவும் பழமும். யானை மேல் சரசுவதி. பின்னால் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும். ஆண்டு முழுக்கப் பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கும் இந்தச் சரசுவதி, நவராத்திரிக்கு மட்டும் திருவனந்தபுரம் போய் வருவாள். முதல் இரவு குழித்துறையில் தங்கல், இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில், மூன்றாம் நாள் மாலை திருவனந்தபுரம் கோட்டைக்குள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போனபின்பும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. இந்தப் பக்கத்துப் போலீசார் கொண்டுவந்து விட, அந்தப் பக்கத்துப் போலீசார் அணிவகுத்து மரியாதை செய்து ஏற்றுக்கொள்கிறார்கள்.

கம்பர் பூசித்த விக்கிரகம் இது என்பது ஐதீகம். அது வரலாறா என்று கேட்பதைவிட, அந்த நம்பிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். நம் கதைகளில் கவிஞன் உருவாவது ஒரே நொடியில். மடைப்பள்ளியில் வேலை செய்த காளமேகத்தின் வாயில் திருவானைக்கா அம்பிகையின் தாம்பூலச் சாறு விழுந்தது. காளிதாசன் நாவில் காளி எழுதினாள். பாடம், வாத்தியார், தேர்வு எதுவும் இல்லை. நாக்கு நீட்டியவனுக்கு வரம்.

எனக்கு அந்த வரம் இல்லை என்று ஒன்பது வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பாட்டுச் சொல்லித்தர வந்தவர் நாலாவது வகுப்பிலேயே என் அம்மாவைக் கூப்பிட்டு, "இவனுக்கு வராதும்மா, சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பிள்ளைக்குச் சுருதி சேர்க்கப் போய்விட்டார். நாற்பது ஆண்டுகளாக அந்தத் தீர்ப்பை மேல்முறையீடு செய்யாமல் சுமந்து வந்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பேன்.

இந்த எல்லை ஊர்களுக்கு நான் கிளம்பியதற்கு அதுதான் காரணம். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இங்குள்ள இரண்டு ஊர்ப்பெயர்கள் தலைப்பெழுத்து மாதிரி: பாறசாலை பொன்னம்மாள், நெய்யாற்றின்கரை வாசுதேவன். காவிரிக் கரையிலிருந்து வெகுதொலைவில், மரச்சீனியும் ரப்பரும் வாழையும் விளையும் இந்த மண்ணில், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பெரிய பாடகர்கள். பிறவியா, பயிற்சியா என்று கேட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

அம்மன் தாண்டினாள். பஸ் நகர்ந்தது.

*

பாறசாலையில் இறங்கினால் ஊர் மாறியது முதலில் கண்ணுக்குத்தான் தெரியும். காதுக்குத் தெரியக் கொஞ்சம் நேரமாகும். பலகைகள் மலையாளத்தில் இருக்கின்றன. டீக்கடைப் பேச்சு மட்டும் களியக்காவிளையில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஒரே வாக்கியம் தமிழில் புறப்பட்டு மலையாளத்தில் போய் இறங்குகிறது. கற்றுக்கொடுப்பவரை இரண்டு பக்கத்திலும் ஆசான் என்றே சொல்கிறார்கள். களரிக்கும் ஆசான், வர்மத்துக்கும் ஆசான்.

பொன்னம்மாள் 1924-ல் இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் 1939-ல் இசைக் கழகம் தொடங்கப்பட்டது. இன்று அது சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்தான் முதல் முதல்வர். அங்கே சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். பின்னர் அதே கழகத்தில் முதல் ஆசிரியை. அதற்குப் பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர். முதல், முதல் என்று அடுக்கும்போது பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் நின்று யோசித்தால், அவருக்கு முன்னால் அந்த நாற்காலிகளில் ஒரு பெண்ணும் உட்காரவில்லை என்பதற்கு அது இன்னொரு பெயர் என்று புரிகிறது.

அவருக்குச் சொல்லித்தந்தவர்களில் முத்தையா பாகவதர் உண்டு, செம்மங்குடி சீனிவாச ஐயர் உண்டு, பாபநாசம் சிவனும் உண்டு. இதில் சிவனின் கதை தனி. தஞ்சைப் பக்கத்தில் பிறந்து, சிறு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து, நீலகண்ட சிவனின் பஜனைக் கோஷ்டியோடு சேர்ந்து பாடித் திரிந்தே பெரும்பாலும் இசையைத் தனதாக்கிக்கொண்டவர். பின்னாளில் அவர் இயற்றிய கீர்த்தனைகள் இல்லாமல் கச்சேரி மேடை இல்லை. அவர் இசைக் கல்லூரியில் படிக்கவில்லை என்பதைக் காட்டிப் பிறவி மேதை என்று சொல்லலாம். தினமும் பஜனைக்குப் பின்னால் போனதைக் காட்டி, அதைவிட நீண்ட பாடத்திட்டம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்றும் கேட்கலாம்.

ஊருக்குள் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் வழி சொல்லியிருந்தார். ஓட்டு வீடு. திண்ணையில் இரண்டு ஜோடிச் சின்னச் செருப்புகள். உள்ளே இரண்டு பிள்ளைகள் ஜண்டை வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை காத்திருந்தேன்.

"டீச்சர், மனோதர்மத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

கர்நாடக இசையைப் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த இசைக்கு இரண்டு பாதி. முன்னோர் செய்து வைத்ததை அப்படியே பாடுவது கல்பித சங்கீதம்: சரளி வரிசை தொடங்கி வர்ணம், கீர்த்தனை வரை. மேடையிலேயே, அந்த நேரத்தில், தானாக உண்டாக்கிப் பாடுவது மனோதர்மம்: ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம். உலகம் முழுக்கப் படைப்பாற்றல் பற்றி நடக்கும் சண்டையை நம் பாட்டுக்காரர்கள் ஒரே கச்சேரிக்குள் இரண்டு அறைகளாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் அறையைக் கற்பிக்கலாம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது அறைக்குச் சாவி உண்டா என்பதுதான் கேள்வி.

டீச்சர் சிரித்தார். "கற்பனைச் சுரம் எப்படித் தொடங்குவோம் தெரியுமா? மோகனத்துல அஞ்சு சுரம்தான். ஆதி தாளம், எட்டு அட்சரம். ஒரு ஆவர்த்தனத்துக்கு வீட்டுல நோட்டுல எழுதிட்டு வாங்கன்னு சொல்வேன். ஒரே நிபந்தனை, பாட்டோட எடுப்புல, அதாவது பாட்டு தொடங்கற எடத்துல, சரியா வந்து சேரணும். பிள்ளைங்க கணக்குப் போடற மாதிரி எழுதிட்டு வருவாங்க. அழகாவே இருக்காது. அப்படியே ஒரு மாசம். பொறவு ஒரு நாள் நோட்டை மூடச் சொல்வேன்."

"மூடினதும் வந்துடுமா?"

"வராது. முழிப்பாங்க. எழுதினதையே ஒப்பிப்பாங்க. ஒப்பிக்கும்போது எங்கேயோ மறந்துபோகும். மறந்த இடத்துல எதையாவது போட்டுத்தானே எடுப்புக்கு வரணும்? அங்க ஒரு சுரம் தானா விழும். அதுதான் முதல் மனோதர்மம்." கையால் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார், எடுப்பு விழுந்த இடத்தைக் காட்டுவதுபோல.

ஆலாபனைக்கு நோட்டும் கிடையாதாம். சங்கராபரணத்தில் பத்து இருபது கீர்த்தனைகளைத் தொண்டையில் ஏற்றிவிட்டால், அந்த ராகம் எங்கே நிற்கும், எங்கே வளையும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். "நான் ராகம் சொல்லித்தர மாட்டேன். ராகம் இருக்கிற வீட்டுல கொண்டுபோய் விடுவேன். நடமாடிப் பழகினா இருட்டுலயும் வழி தெரியும்."

அப்படியானால் எல்லோருக்கும் வருமா? அவர் உடனே பதில் சொல்லவில்லை. "பொய் சொல்ல மாட்டேன். இருபது பிள்ளைங்க படிச்சா ரெண்டு பேருக்கு நான் சொல்லாததும் வரும். எங்கேருந்து வருதுன்னு எனக்கே தெரியாது. முதல் வருஷத்துலயே, இந்தப் பிள்ளைதான் அந்த ரெண்டுல ஒண்ணுன்னு மனசுக்குள்ள குறிச்சு வைப்பேன். நாப்பது வருஷம் குறிச்சிருக்கேன். பாதி தப்பு."

என் ஒன்பது வயதுக் கதையைச் சொன்னேன். நாலு வகுப்பில் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டுவிட்டு, எனக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரப் போனார்.

*

பாறசாலையிலிருந்து மாலைப் பாசஞ்சர். தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை. 1979-ல் வந்த ரயில் பாதை இது. ஜன்னலில் வாழைத் தோட்டங்கள் ஓடின. இந்தக் கேள்வியை வெள்ளைக்காரர்கள் எப்படிக் கேட்டிருக்கிறார்கள் என்று மனதுக்குள் புரட்டிக்கொண்டு வந்தேன்.

1869-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், மேதைமை பரம்பரையாக வருகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். நீதிபதிகள், கவிஞர்கள், இசைக்கலைஞர்கள் என்று புகழ்பெற்றவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களின் அப்பா, பிள்ளை, சகோதரர்களில் எத்தனை பேர் புகழ்பெற்றவர்கள் என்று எண்ணினார். 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் தனியாகச் செய்த சாதகம் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. உடனே உலகம் பத்தாயிரம் என்ற எண்ணை மந்திரமாக்கிக்கொண்டது. 2014-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு அந்த மந்திரத்தின் காற்றை இறக்கியது: இசையில் ஒருவருக்கொருவர் உள்ள திறமை வித்தியாசத்தில் ஏறத்தாழ 21 சதவீதத்தைத்தான் சாதகத்தைக் கொண்டு விளக்க முடிந்தது.

அதே ஆண்டு சுவீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஒரே கருவில் பிரிந்த இருவரில் ஒருவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் அதிகமாக வாசித்திருந்தாலும், சுர வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் மற்றவரைவிட மேலாக இல்லை. சாதகம் செய்ய உட்காரும் குணமே பாதிக்குப் பாதி பிறவியோடு வருகிறதாம்.

படித்தபோது இது எனக்கு வலித்தது. என் பழைய வாத்தியார் சுவீடனிலிருந்து சாட்சி கொண்டுவந்ததுபோல. ஆனால் அந்த ஆய்வு அளந்தது காதை. இரண்டு சுரங்களில் எது உயர்ந்தது என்று சொல்வது வேறு. மறந்த இடத்தில் ஒரு சுரத்தைப் போட்டு எடுப்புக்கு வருவது வேறு. டீச்சர் தொடையில் தட்டிய அந்த இடத்தை எந்த அளவுகோலும் இன்னும் தொடவில்லை.

கால்டனுக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அவர் ஆட்களை எண்ணினார், வாசல்களை எண்ணவில்லை. ஆண்களை மட்டுமே பாடவிட்ட திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2005 வரை பாடியவர்களின் பட்டியலை அவர் கையில் கொடுத்திருந்தால், சங்கீதம் ஆண்களின் பிறவிச் சொத்து என்று கூசாமல் எழுதியிருப்பார்.

அமரவிளை தாண்டி ரயில் நெய்யாற்றின் மேல் தடதடத்தது. இறங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். கிருஷ்ணன் கோவிலுக்கு எனக்கு முன்பே அம்மன் வந்து சேர்ந்திருந்தாள். இந்தக் கோவில் வளாகத்தில்தான், எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு நிற்கிறது. பொந்து விழுந்த பலாமரம். அரசனாகப் பிறந்தவனுக்கும் உயிர் பிழைக்க ஒரு மரம் இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

நெய்யாற்றின்கரை வாசுதேவன் 1940-ல் இந்தப் பக்கத்தில் ஓர் எளிய வீட்டில் பிறந்தவர். பொன்னம்மாள் படித்த அதே திருவனந்தபுரம் இசைக் கல்லூரியில் அவரும் படித்தார். பிறகு ராமநாதபுரம் கிருஷ்ணனிடம் பயின்றார். திருவனந்தபுரம் வானொலியில் நெடுங்காலம் கலைஞராக இருந்து, 2008-ல் மறைந்தார். இரண்டு ஊர், இரண்டு வேறு வீடு, இரண்டு குரல். இருவருக்கும் பொதுவானது ரத்தமும் இல்லை, தெருவும் இல்லை. இன்றைய ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடம்தான். 1939-ல் அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் இவர்கள் பாடியிருக்கவே மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டு நவராத்திரிக் கொலுவில் பொன்னம்மாள் பாடியிருப்பார். நமக்குத் தெரிந்திருக்காது.

*

மறுநாள் காலை அருவிப்புறம். நெய்யாறு பாறைகளுக்கிடையில் சத்தமாக ஓடுகிறது. 1888 சிவராத்திரி அன்று நாராயண குரு இந்த ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை செய்யும் உரிமை பிறவியால் வருவது என்று நம்பிய காலம் அது. ஈழவக் குடியில் பிறந்த ஒருவர் அதைச் செய்ததும் கேள்விகள் கிளம்பின. குரு மலையாளத்தில், சமஸ்கிருதத்தில், தமிழிலும் கவி எழுதியவர். அவருடைய தேவாரப் பதிகங்கள் தமிழ்தான். அந்த மூன்று மொழிக் கவிதையும் அவருக்குப் பிறவியா, படிப்பா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கல்லை எடுத்து வைத்தபோதுதான் பிறவி நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து பலராமபுரம். திருவிதாங்கூர் அரசர் பலராம வர்மா, 1798 முதல் 1810 வரை ஆண்டவர், தென் தமிழ்நாட்டிலிருந்து சாலிய நெசவாளர்களை அழைத்து வந்து குடியேற்றிய ஊர். இன்றும் சாலியர் தெருக்களில் வீட்டுப் பேச்சு தமிழ். 2009-ல் புவிசார் குறியீடு கிடைத்த வேட்டியும் நேரியதும் இங்கே நெய்வதுதான்.

காலை நேரத்தில் போனதால் தெருவில் பாவு விரித்திருந்ததைப் பார்க்க முடிந்தது. தெருவின் நீளத்துக்கு வெள்ளை நூல்; கஞ்சி தோய்த்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பெரிய பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே நடந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். கஞ்சி கூடினால் நூல் விறைக்கும், குறைந்தால் தறியில் அறும்.

ஒரு வீட்டுக்குள் மூன்று குழித்தறிகள். தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துக்கொண்டு, நாடாவைக் கையாலேயே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். பெரியவர் ஒருவர் கசவுக் கரை நெய்துகொண்டிருந்தார். பக்கத்துத் தறியில் நாற்பது வயதுப் பெண். உடம்பு வெள்ளை, ஓரத்தில் பொன். அவ்வளவுதான் இந்தத் துணி. பூவும் மயிலும் போட இடமில்லை. புளியிலைக் கரை என்று ஒன்று உண்டு: புளிய இலை அகலத்தில் மெல்லிய கரை. முன்புறமும் பின்புறமும் ஒரே மாதிரித் தெரிவது பலராமபுரத்து வேலையின் லட்சணம்.

"இதுல உங்க சொந்தக் கற்பனைக்கு எடம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

பெரியவர் நாடாவை நிறுத்தவில்லை. "எடம் கொறவுதான். அதனாலதான் தப்பு பண்ண முடியாது. கசவுக்குப் பொறவு எத்தன இழை வெள்ளை விடணும்னு கணக்கு உண்டு. சில நாளு அந்தக் கணக்குல ஒரு இழையைக் கூட்டிப் பார்ப்பேன். கரை எடுப்பா நிக்கும். வாங்குறவங்களுக்குத் தெரியாது. கடைக்காரனுக்கும் தெரியாது."

"பின்ன எதுக்கு?"

"எனக்குத் தெரியுமே."

பக்கத்துத் தறிப் பெண் சாலியர் இல்லை. இப்போது பல சாதிக்காரர்களும் இங்கே நெய்கிறார்கள். "முன்னால சாலியப் பிள்ளைக்குத்தான் கை வரும்னு சொல்வாங்க" என்றார் பெரியவர். "இவ வந்தப்பம் நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"மொத ஆறு மாசம் நூலு அறுந்துகிட்டே இருந்துச்சு" என்றாள் அந்தப் பெண். "மாமா மகனும் என்கூடத்தான் தறியில இருந்தான். அவனுக்கும் அறுந்துச்சு. எனக்கு அறுந்தா சாதி. அவனுக்கு அறுந்தா கஞ்சி சரியில்ல."

பெரியவர் சிரித்துவிட்டார். மகன் இப்போது திருவனந்தபுரத்தில் கார் ஓட்டுகிறான். தறிக்கூலியில் குடும்பம் ஓடாது என்று போய்விட்டான். இருநூறு ஆண்டுக் கைநுட்பத்தில் இந்த வீட்டுப் பங்கு ரத்தத்தின் வழி இறங்கவில்லை. ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து பார்த்தவளின் கைக்குப் போயிருக்கிறது.

ஔவை பெயரில் வழங்கும் ஒரு பழைய தனிப்பாடல் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தது. ஓவியம் கையின் பழக்கத்தால் வருவது, மொழி நாவின் பழக்கத்தால், கல்வி மனத்தின் பழக்கத்தால் என்று கலைகளையெல்லாம் பழக்கத்தின் பக்கம் தள்ளிவிட்டு, பிறவியில் வருவதாகச் சொல்வது வேறு சில குணங்களை. அவற்றில் நட்பும் கொடையும் உண்டு. முதல் பாதியைத்தான் நாம் மேடைதோறும் சொல்கிறோம். இரண்டாம் பாதியின் கூர்மை எனக்கு அந்தத் தறிப்பக்கத்தில்தான் உறைத்தது. பாட்டு வருவது பிறவிக் குணம் இல்லை. பாட்டைக் கொடுப்பதுதான் பிறவிக் குணம். என் பழைய வாத்தியார் ஔவையின் கணக்கைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். இல்லாதது என்னிடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

பலராமபுரத்திலிருந்து காட்டாக்கடைக்குப் போகும் சாலையில் ஊருட்டம்பலம். சாலையோரத்துப் பள்ளிக்கூடம். நூறு ஆண்டுகளுக்கு முன்னால், புலையர் தலைவரான அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார். புலையர் குழந்தைகளைச் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு இருந்தும் பள்ளிகள் சேர்க்காத காலம். அந்தக் குழந்தை உட்கார்ந்த பள்ளிக்கூடம் எரிக்கப்பட்டது. பாதி கருகிய பெஞ்சு ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். 2022-ல் பள்ளிக்கே அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தார்கள்.

கருகிய விளிம்பைப் பார்த்தபடி நின்றேன். அந்தப் பிள்ளைக்குப் படிப்பு பிறவியில் இல்லை என்று உண்மையாகவே நம்பியவர்கள் தீ வைக்க வேண்டிய அவசியம் என்ன? வராத படிப்பு தானாகவே வராமல் போயிருக்கும். வந்துவிடும் என்று தெரிந்ததால்தான் தீ. ஒருவனுக்குள் என்ன இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்தான். டீச்சர் சொன்ன அந்த இரண்டு பேர் உண்மை. அவர்கள் யார் என்று சொல்லித்தருவதற்கு முன்பே யாராலும் சொல்ல முடியாது என்பதும் உண்மை. சொல்ல முடியும் என்றவர்கள் பெரும்பாலும் ஒரு வாசலுக்குக் காவல் நின்றவர்கள்.

*

மாலைக்குள் திருவனந்தபுரம். பத்மநாபசுவாமி கோவிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்துக்கு அம்மன் வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து ஒன்பது நாள் கச்சேரி. ஒவ்வொரு நாளும் முக்கியமாகப் பாட வேண்டிய கீர்த்தனையும் ராகமும் முன்பே முடிவானவை. எல்லாம் சுவாதித் திருநாள் இயற்றியவை. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, அடுத்து சாவேரி, தோடி, பைரவி என்று ஒன்பதாம் நாள் ஆரபி வரை. பாட வருகிறவருக்குத் தேர்வு கிடையாது. அதே நாள், அதே ராகம், அதே பாட்டு, தலைமுறை தலைமுறையாக. ஆனாலும் கேட்க வருகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் வருகிறார்கள். போன ஆண்டுத் தோடியும் இந்த ஆண்டுத் தோடியும் ஒன்றில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கில் ஒரு இழையைக் கூட்டிப் பார்க்கும் பலராமபுரத்துப் பெரியவருக்கும் தெரியும்.

இந்த மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்பது வழக்கமாக இருந்தது. உள்ளே வீற்றிருப்பவளும் பெண்தான். அவள் முன்னால் ஒரு பெண் பாட 2006 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் உட்கார்ந்தவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு 82 ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. சரசுவதி ஆண்டுதோறும் அவர் பிறந்த ஊர் வழியாகத்தான் யானை மேல் போய் வந்துகொண்டிருந்தாள். களியக்காவிளையிலிருந்து கோட்டைவரை மூன்று தாலுகாத் தூரம்கூட இல்லை. பொன்னம்மாளுக்கு அதைக் கடக்க ஒரு வாழ்நாள் பிடித்தது. அதன்பின் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இருந்து, 2021-ல் காலமானார்.

அந்த 82 வயதுக் குரலில் பிறவி எவ்வளவு, பாகவதரும் சிவனும் செம்மங்குடியும் கொடுத்தது எவ்வளவு, வகுப்பறையில் பிள்ளைகளுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னதால் சேர்ந்தது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பாவும் ஊடையும் நெய்து முடிந்த துணியில் எது பாவு என்று இழுத்துப் பார்த்தால் துணிதான் போகும்.

*

விஜயதசமி அன்று நான் மறுபடி பாறசாலையில் இருந்தேன். டீச்சர் வரச் சொல்லியிருந்தார். திண்ணையில் அன்று பதினைந்து ஜோடிச் செருப்பு. மூன்று வயதுக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் மோதிரத்தைத் தேனில் தொட்டு ஒவ்வொரு நாக்கிலும் எழுதினார். பிறகு குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டிலிருந்த பச்சரிசியில் ஹரிஸ்ரீ எழுதவைத்தார். காளி ஒருத்தனுக்கு எழுதியதை, இந்த ஊரில் வரிசையில் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுகிறார்கள். ஒன்று வீறிட்டு அழுதது. ஒன்று தேன் தீர்ந்ததும் மறுபடி நாக்கை நீட்டியது.

குழந்தைகள் போன பிறகு டீச்சர் சுருதிப்பெட்டியைப் போட்டார். "உக்காருங்க தம்பி" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது. மாயாமாளவகௌளை. சரளி வரிசையின் முதல் வரி. ஒன்பது வயதில் விட்ட இடம்.

பாடினேன். மேல் சட்ஜத்துக்குப் போகும்போது குரல் பிசிறியது. இறங்கும்போது தாளம் கையை விட்டுப் போனது. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பச்சரிசித் தட்டைப் பார்த்தேன். அதில் கடைசிக் குழந்தை எழுதிய கோணல் எழுத்து அப்படியே இருந்தது.

டீச்சர் தாளத்தை நிறுத்தவேயில்லை.

"ம்ம், இன்னொரு தடவை" என்றார்.